ஐஸ்கிரீமுக்கு வெப்பநிலைச் சட்டம் உண்டு. அதைச் சுமப்பவருக்கு இல்லை

2025 ஜூன் மாதத் தொடக்கத்தில் மும்பை தாராவியில் ஒரு கிடங்கின் உணவு வணிக உரிமம் இடைநிறுத்தம் செய்யப்பட்டது. சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்குச் சரக்கு வந்து சேரும் என்று விளம்பரம் செய்யும் செப்டோ நிறுவனத்தின் கிடங்கு அது. மகாராஷ்டிர மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அலுவலர்கள் அங்கே சோதனையிட்டனர். சில உணவுப் பொருள்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. தேங்கிய நீருக்கு அருகே பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. காலாவதியான பொருள்கள் பிரித்து வைக்கப்படவில்லை. குளிர்பதன அறையின் வெப்பநிலை விதிப்படி பராமரிக்கப்படவில்லை என்று அவர்கள் குற்றம் கண்டனர். மக்கள் உண்ணும் பொருளின் தூய்மை குறித்த இந்த நடவடிக்கையை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் கிடங்கு பின்னர் என்ன ஆயிற்று என்பதும் நம் பேச்சன்று.

நம் கேள்வி வேறு. குளிர்பதன அறையில் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை அளக்கக் கருவி இருக்கிறது. அளக்க அலுவலர் வருகிறார். மீறினால் கதவை மூடும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது. அதே ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் இந்த நகரின் கிடங்குகளிலிருந்தும் உணவகங்களிலிருந்தும் சரக்கேற்றிக்கொண்டு நடுப்பகல் வெயிலில் இருசக்கர வாகனத்தில் சென்ற தொழிலாளர்களின் உடல் எத்தனை டிகிரியில் கொதித்தது என்று அளக்க எந்த அலுவலரும் வரவில்லை. வர விரும்பியிருந்தாலும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்திருப்பார்?

முதுகில் தொங்கும் பைக்குள் ஐஸ்கிரீம் உருகாமலிருக்க வெப்பம் புகாத உறை இருக்கிறது. பைக்கும் முதுகுக்கும் இடையே சட்டை நனைந்து ஒட்டிக் கிடக்கும் மனிதருக்கு எந்த ஏற்பாடும் இல்லை. சரக்குக்குப் பாதுகாப்பு, சரக்கைச் சுமப்பவருக்கு அறிவுரை என்பதே இன்றைய நிலை. இது யாரோ மறந்துவிட்டதால் நேர்ந்த குறை என்று நாம் கருதவில்லை. இந்த வெற்றிடத்தில் இலாபம் இருக்கிறது. ஆகவே அது வெற்றிடமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

நடுப்பகல் வண்டி

மார்ச் முதல் பருவமழை இறங்கும் வரையிலும், மழை விலகிய பின் அக்டோபரிலும் மும்பையின் நடுப்பகல் எப்படியிருக்கும் என்பதை அங்கு வாழ்ந்தவர் அறிவர். தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து ஒரு தொழிலாளி வண்டியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் நான்காம் தலைமுறையாக அவர் இருக்கலாம்; உத்தரப்பிரதேசத்திலிருந்து போன மாதம் வந்தவராகவும் இருக்கலாம். மாட்டுங்காவில் ஓர் உணவகத்தில் மதிய உணவுப் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டு, சயான் வழியே செம்பூருக்குப் போக வேண்டும். செயலியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி ஓடினால் காற்று வீசும், வெயில் உறைக்காது என்று காரில் போகிறவர்கள் சொல்வார்கள். மும்பைச் சாலையில் வண்டி எத்தனை நேரம் ஓடுகிறது, எத்தனை நேரம் நிற்கிறது? சிக்னலில் நிற்கும்போது முழங்கால்களுக்கிடையே எஞ்சினின் அனல். பக்கத்தில் நிற்கும் பேருந்தின் புகை. கீழே தார், மேலே சூரியன். சுற்றிலும் நிற்கும் கார்களின் குளிர்சாதனப் பெட்டிகள் வெளியே தள்ளும் வெப்பம். காருக்குள் இருப்பவரின் குளிர்ச்சிக்கான விலையில் ஒரு பகுதியை வெளியே நிற்பவரின் உடல் செலுத்துகிறது. தலைக்கவசத்தைக் கழற்ற முடியாது, கழற்றவும் கூடாது; அது உயிர்காப்பு. பையை இறக்க முடியாது, அது சோறு. தண்ணீர் குடிக்கவும் பலர் அஞ்சுகின்றனர். சிறுநீர் கழிக்க இடம் இல்லை. உணவகத்தின் கழிவறை வாடிக்கையாளருக்கு உரியது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியிருப்போரின் மின்தூக்கியில் ஏறவும் இவர்களுக்கு அனுமதி இல்லை.

வெப்பத்தால் களைத்த உடலின் முதல் அறிகுறிகளில் ஒன்று தலைச்சுற்றல். வயலில் வேலை செய்பவருக்குத் தலை சுற்றினால் வரப்பில் அமரலாம். இரண்டு சக்கரங்களின் மேல் இருப்பவருக்குச் சில நொடித் தலைச்சுற்றல் போதும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கிறது. அந்த மரணம் காவல் நிலையத்தில் சாலை விபத்தாகப் பதிவாகும். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதப்படும். வெப்பம் கொன்றது என்று எங்கும் எழுதப்படாது. வெப்பச்சாவுகளின் அரசுக் கணக்கு சிறியதாக இருக்கிறதென்றால், சாவு குறைவு என்பது மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

வெப்ப அலை என்னும் சொல் மறைப்பது

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியை எட்ட வேண்டும். கடற்கரைப் பகுதியில் 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும்; அப்போதுதான் வெப்ப அலை. மும்பையில் 34 டிகிரி என்றால் அது செய்தியே ஆகாது. நாக்பூரில் 42 டிகிரி என்றால் நாளேடுகளின் முதல் பக்கத்தில் வரும்.

உடலின் கணக்கு வேறு. மனித உடல் வெப்பத்தை இடைவிடாது உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்ற வெயில் காலத்தில் அதற்குள்ள முதன்மையான வழி வியர்வை. வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடல் நீரையும் உப்பையும் இழக்கிறது; குளிர்ச்சியோ கிடைப்பதில்லை. இந்த இரண்டையும், அதாவது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும், சேர்த்து அளக்கும் அளவைதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளப்பது. பள்ளி அறிவியல் பாடத்தில் நாம் படித்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 42 டிகிரி வெப்பமும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட நடுப்பகலில் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 22 டிகிரி. 34 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்கரை நடுப்பகலில் அது 28 டிகிரியைத் தாண்டுகிறது. நாக்பூர் வெயில் தீங்கற்றது என்பது இதன் பொருளன்று; வறண்ட வெயிலும் கொல்லும். ஆனால் வெப்பமானியின் ஒற்றை எண்ணை மட்டும் வைத்து ஆபத்தை அளப்பவர்கள் மும்பை, சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை நகரங்களின் புழுக்கத்தைக் கணக்கிலிருந்து நழுவ விடுகின்றனர். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால் எத்தனை வலிமையான உடலும் நெடுநேரம் தாங்காது என்று 2010இல் அறிவியலாளர்கள் கணித்தனர். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள், இளமையும் உடல்நலமும் மிக்கவர்களுக்கே, அதுவும் இலேசான அசைவுகளின்போதே, ஈரப்பதம் மிக்க சூழலில் 31 டிகிரிக்கு அருகிலேயே உடலின் கட்டுப்பாடு தளரத் தொடங்குகிறது என்று காட்டின. 28க்கும் 31க்கும் இடையே இருப்பது மூன்றே டிகிரி. நேரடி வெயிலையும் எஞ்சின் அனலையும் பத்து மணிநேர உழைப்பையும் அதன்மேல் ஏற்றிப் பாருங்கள்.

இது ஏட்டுக் கணக்கன்று. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் மகாராஷ்டிர அரசு தன் உயரிய விருதான மகாராஷ்டிர பூஷணை வழங்கும் விழாவைத் திறந்த மைதானத்தில் நடுப்பகலில் நடத்தியது. ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா விருதை வழங்கினார். மேடைக்குப் பந்தல் இருந்தது. இலட்சக்கணக்கான மக்களுக்கு இல்லை. அன்று அப்பகுதியில் பதிவான வெப்பநிலை 38 டிகிரி. 14 பேர் இறந்தனர். நாற்பதைத் தொடாத வெயில், சில மணி நேரம் அமர்ந்திருந்தவர்களையே கொன்றது. நாள்தோறும் பத்து மணிநேரம் வண்டியில் சுற்றுபவர்களை அது என்ன செய்யும் என்று கேட்க நமக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆலைக்குள் இருந்த சட்டம்

வெப்பமும் ஈரப்பதமும் தொழிலாளியின் உடலைத் தின்னும் என்பது மும்பைக்குப் புதிய செய்தியன்று. பஞ்சாலை முதலாளிகள் அதை நன்கறிவர். காற்று வறண்டால் நூல் அறுந்துபோகும். ஆகவே ஆலைக்குள் செயற்கையாக ஈரப்பதத்தை ஏற்றினார்கள். நூலுக்கு இதமான அந்தக் காற்று நூற்பவரின் மூச்சை முட்டியது. அன்றும் சரக்கின் தேவைக்கேற்பக் காற்று அமைந்தது. அதற்குள் தொழிலாளி அடைக்கப்பட்டார்.

அதற்கு எதிராகத்தான் இந்த நாட்டின் தொழிற்சட்டங்கள் பிறந்தன. 1884இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட அவர்களது மனுவில் இருந்தவை எளிய கோரிக்கைகள்: ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, குறித்த நாளுக்குள் கூலி, காயமுற்றவருக்கு இழப்பீடு, இவற்றோடு நண்பகலில் அரைமணி நேர ஓய்வு. ஞாயிறு விடுமுறையைப் பெற 1890 ஜூன் வரை போராட வேண்டியிருந்தது. 1928இல் ஆறு மாதங்கள் ஆலைகளை நிறுத்திய மாபெரும் வேலைநிறுத்தமும், அதில் எழுந்த செங்கொடியின் கிர்ணி காம்கார் யூனியனும் அந்த வரலாற்றின் தொடர்ச்சி.

அப்படி வென்றெடுத்தவற்றின் பலன்தான் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு பணிக்கூடத்தின் காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் பற்றியது. 15ஆம் பிரிவு செயற்கை ஈரப்பதத்தைப் பற்றியது. இந்தச் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் இயற்றிய விதிகள் பலவற்றில், பணிக்கூடத்தின் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று எண்ணிலேயே வரம்பு இருந்தது. எல்லா ஆலைகளிலும் அது மதிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் தொழிலாளி விரல் நீட்டிக் காட்ட ஓர் எண் இருந்தது; முறையிட ஓர் ஆய்வாளர் இருந்தார்.

1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பரேலிலும் லால்பாகிலும் ஆலை நின்ற நிலத்தில் வணிக வளாகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் எழுந்தன. அந்தக் குடியிருப்புகளுக்கு மதிய உணவு கொண்டு வருபவர்களில் ஆலைத் தொழிலாளரின் பேரன்மாரும் இருப்பார்கள். தாத்தாவின் பணியிடத்துக்கு ஒரு கூரையும் கூரைக்குக் கீழே ஒரு சட்டமும் இருந்தன. பேரனின் பணியிடம் சாலை. கூரை போனபோது சட்டமும் போய்விட்டது.

2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தியது. கிக் தொழிலாளர், தளத் தொழிலாளர் என்ற சொற்களை முதன்முறையாகச் சட்டத்தில் சேர்த்துவிட்டோம் என்று அது பெருமை பேசுகிறது. எந்தத் தொகுப்பில் சேர்த்தது? சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில். நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை, தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல், நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது அத்தொகுப்பு. அதற்கு மேல் என்ன? வேலை நேரம், ஓய்வு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றை முறைப்படுத்தும் தொகுப்பின் காப்பு இவர்களுக்கு நீட்டிக்கப்படவில்லை. விழுந்த பிறகு மருந்துக்குச் சிறிது பணம் கிடைக்கலாம். விழாமலிருக்க உரிமை கிடையாது.

கூட்டாளி என்னும் பொய்ப்பெயர்

நிறுவனங்கள் இவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, பார்ட்னர் என்கின்றன. இலாபத்தில் பங்கில்லாத கூட்டாளி; விலையை முடிவுசெய்யாத கூட்டாளி; எந்த நொடியிலும் செயலியிலிருந்து நீக்கப்படக்கூடிய கூட்டாளி. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, கைப்பேசி அவருடையது, வெயிலும் அவருடையது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2020-21இல் இந்தியாவில் கிக் தொழிலாளர் 77 லட்சம் பேர், 2029-30இல் 2.35 கோடியாக உயர்வர். இத்தனை கோடிக் கூட்டாளிகளைக் கொண்டும் ஒரு நிழற்கூரை போட முடியவில்லை.

எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம், வேண்டாமென்றால் செயலியை அணைத்துவிடலாம், இது சுதந்திரம் என்கிறார்கள். துண்டுக்கூலி குறித்து மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் தேவையில்லாமல் தொழிலாளியே தன்னை விரட்டிக்கொள்ளும்படி செய்வது இந்தக் கூலிமுறை என்பதை அவர் விளக்குகிறார். ஓர் ஆர்டருக்கு இவ்வளவு, இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை என்னும் ஏற்பாடு அதுவே. மதிய உணவு நேரத்தில்தான் ஆர்டர் குவிகிறது. அதே நேரத்தில்தான் வெயிலும் உச்சத்தில் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் செயலியை அணைத்தவருக்கு அன்றைய ஊக்கத்தொகை கைக்கு வராது. பட்டினியா வெயிலா என்று கேட்டுவிட்டு, வெயிலைத் தேர்ந்தெடுத்தவரைச் சுதந்திரமானவர் என்று வாழ்த்துகிறது மூலதனம்.

2024 ஜூன் மாதத்தில் சொமேட்டோ நிறுவனம் சமூக ஊடகத்தில் ஒரு வேண்டுகோள் விடுத்தது. மிகவும் தேவையில்லை என்றால் உச்சி வெயில் நேரத்தில் ஆர்டர் செய்வதைத் தவிர்க்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பரிவு மிக்க சொற்கள்! ஆனால் ஆர்டர் பெறும் பொத்தான் நிறுவனத்தின் கையில் அல்லவா இருந்தது? நடுப்பகலில் அதை மூடியிருக்கலாம். மூடிய நேரத்துக்குத் தொழிலாளிக்குக் கூலி கொடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், குற்றவுணர்வை வாடிக்கையாளரிடம் அனுப்பிவிட்டுக் கமிஷனைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

இத்தாலியில் 2025 ஜூலையில் குளோவோ நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் இத்தனை விழுக்காடு, 40ஐத் தாண்டினால் இத்தனை என்று வெப்பத்துக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. வெயில் ஏற ஏறத் தொழிலாளியை வெளியே இழுக்கும் திட்டம் அது. உயிருக்கு விலைப்பட்டியலா என்று தொழிற்சங்கங்கள் சீறின. நிறுவனம் திட்டத்தை நிறுத்தி வைத்தது. கூடுதல் காசு கொடுத்தால் போதும் என்று எண்ணும் நல்லெண்ணக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூடுதல் காசு வெயிலைக் குறைக்காது. வெயிலில் நிற்கும் நேரத்தைக் கூட்டும்.

முடியாது என்பவர்களுக்கு

நடுப்பகலில் வேலையை நிறுத்தச் சொன்னால் முதலில் எழும் குரல் தொழிலாளியினுடையதாகவே இருக்கும். மதிய ஆர்டரை விட்டால் வண்டித் தவணையை எதைக் கொண்டு கட்டுவது, ஊருக்கு எதை அனுப்புவது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் தடை கோருபவர் தொழிலாளியின் பகைவராகவே முடிவார். எனவே நம் கோரிக்கை வெறும் தடை அன்று; கூலியுடன் கூடிய ஓய்வு. மழைநாளில் ஆலை இயங்காவிட்டாலும் மாதச் சம்பளம் பெறும் மேலாளருக்கு ஊதியம் வெட்டப்படுவதில்லை. இயற்கையின் சீற்றத்துக்கான விலையைத் துண்டுக்கூலிக்காரர் மட்டும் ஏன் தர வேண்டும்?

இதையெல்லாம் நடைமுறைப்படுத்த முடியாது என்பது இரண்டாவது குரல். முடியும். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை டெலிவரி மோட்டார் சைக்கிள்கள் சாலையில் ஓடத் தடை இருக்கிறது. தொழிற்சங்க உரிமைகளை நெரிக்கும் நாடு அது. அங்கே வண்டி ஓட்டும் நம் நாட்டுத் தொழிலாளரின் துயரங்களை நாம் அறிவோம். அந்த அரசாலேயே ஓர் ஆணையில் இதைச் செய்ய முடிகிறது. 2025 கோடையில் கிரேக்க அரசு வெயில் கடுமையான பகுதிகளில் நண்பகல் 12 முதல் மாலை 5 வரை டெலிவரித் தொழிலாளரின் வேலையைக் கட்டாயமாக நிறுத்தியது. ஒவ்வொரு வண்டியும் எந்தத் தெருவில் எந்த நொடியில் இருக்கிறது என்பதைத் திரையில் காணும் நிறுவனங்களால், அந்தத் தெருவில் எத்தனை டிகிரி என்பதையும் காண முடியும். பொத்தானை அணைக்கத் தொழில்நுட்பம் போதும், மனம்தான் இல்லை.

பொருளாதாரம் பாதிக்கும் என்பது மூன்றாவது குரல். வெப்பத்தால் 2030இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை, அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடான நேரத்தை இழக்கும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இலேயே கணித்தது. இழப்பு எப்படியும் வரப்போகிறது. அதை யார் தலையில் ஏற்றுவது என்பதே கேள்வி.

நிழலும் வர்க்கம் பார்க்கிறது

மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சுற்றி நடந்தவர்களுக்கு அங்கே மரநிழல் எப்படிச் சாலையைப் போர்த்தியிருக்கும் என்பது தெரியும். ரயில் பாதைக்கு மறுபுறம் தாராவி. தகரக்கூரை, அஸ்பெஸ்டாஸ் கூரை, கைநீட்டினால் எதிர்ச்சுவர் தட்டும் சந்துகள், மரத்துக்கு இடமில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தகரம் இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. பகல் வெப்பத்திலிருந்து உடல் மீள்வதற்கு இரவின் குளிர்ச்சி தேவை. தாராவியிலும் செம்பூரை ஒட்டிய மாகுலிலும் குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்த மீட்சியும் இல்லை. களைப்பு தீராத உடலோடு மறுநாள் வண்டியில் ஏறுகிறார்.

சாலைகளையும் பாருங்கள். பாந்திரா-வொர்லி கடல்பாலம், செம்பூருக்குச் செல்லும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே, அடல் சேது, ₹13,000 கோடிக்கு மேல் செலவிட்டுக் கட்டிய கடலோரச் சாலை ஆகிய அனைத்திலும் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பாதுகாப்பே காரணம் என்கிறார்கள். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் இருசக்கர ஓட்டுநரின் பாதுகாப்பில் இத்தனை அக்கறை கொண்டவர்கள், அவருக்கு விட்டுவைத்த நெரிசல் மிகுந்த தெருக்களில் ஒரு நிழற்கூரையோ, ஒரு குடிநீர்க் குழாயோ, ஒரு கழிவறையோ கட்டப் பொதுப்பணத்தில் எவ்வளவு ஒதுக்கினார்கள்? சிக்னல் விழாமல், குளிர்சாதனக் காரில் பறப்பவருக்குப் பொதுப்பணம். சிக்னல்தோறும் வேகுபவருக்குப் பொது அறிவுரை.

தமிழ்நாட்டில் சிறு தொடக்கங்கள் உண்டு. கிக் தொழிலாளருக்கு நலவாரியம் 2023இல் அமைந்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டு, இறந்தவரின் குடும்பத்துக்கு ₹4 லட்சம் நிவாரணம் என்றானது. 2025இல் சென்னை அண்ணா நகரில் டெலிவரித் தொழிலாளருக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வுக்கூடம் திறக்கப்பட்டது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் செயலியில் ஆர்டர் அடித்துக்கொண்டிருக்கும்போது ஓய்வுக்கூடத்தில் அமர்பவருக்கு யார் கூலி தருவது? வேலையை நிறுத்தும் உரிமை இல்லாதவரை ஓய்வுக்கூடத்தின் நாற்காலி காலியாகவே கிடக்கும்.

நாம் கேட்பவை

1. மழைக்கும் வெயிலுக்கும் நடுவே உழைக்கும் தளத் தொழிலாளரைத் தொழிலாளர் என்றே சட்டம் ஏற்க வேண்டும். பணியிடப் பாதுகாப்பு, வேலை நேரம், ஓய்வு குறித்த சட்டக் காப்பு அவர்களுக்கு நீட்டிக்கப்பட வேண்டும்.

2. வெப்பமானியின் எண்ணை மட்டும் பாராமல் ஈரக்குமிழ் வெப்பநிலையின் அடிப்படையில் வேலை நிறுத்த வரம்பு சட்டமாக வேண்டும். ஆலைக்கு எழுதிய விதி சாலைக்கும் வேண்டும்.

3. அந்த வரம்பைத் தாண்டும் நேரத்தில் செயலிகள் ஆர்டர் பெறுவதை நிறுத்த வேண்டும். அந்த நேரத்துக்கு, தொழிலாளியின் முந்தைய வாரங்களின் சராசரி வருவாயைக் கணக்கிட்டு நிறுவனமே கூலி தர வேண்டும். தரமதிப்பீடோ ஊக்கத்தொகையோ குறைக்கப்படக் கூடாது.

4. பணிநேரத்தில் நிகழும் சாலை விபத்துகளில் வெப்பத்தின் பங்கு விசாரிக்கப்பட வேண்டும். வெப்பத்தால் நேர்ந்த சாவும் நோயும் பணிக்காயமாகக் கருதப்பட்டு முழு இழப்பீடு கிடைக்க வேண்டும்.

5. முதன்மைச் சாலைகளிலும் உணவகங்கள் செறிந்த இடங்களிலும் நிழல், குடிநீர், கழிவறை கொண்ட நிறுத்தங்களை நிறுவனங்களின் செலவில் மாநகராட்சிகள் அமைக்க வேண்டும். உணவகங்களின் கழிவறையும் குடியிருப்புகளின் மின்தூக்கியும் இவர்களுக்கும் உரியவை ஆக வேண்டும்.

கேட்டால் கிடைத்துவிடும் என்று நாம் எண்ணவில்லை. 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் நாடெங்கும் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வரும் மாதமே, 2026 ஜனவரியில், ஒன்றிய தொழிலாளர் அமைச்சர் தலையிட்டார். பிளிங்கிட் தன் பத்து நிமிட முழக்கத்தைக் கைவிட்டது. விளம்பரப் பலகை மாறியதே தவிர வேலையின் வேகம் குறைந்ததா என்பது வேறு கதை. ஆயினும் ஒன்று உறுதியாயிற்று: சிதறிக் கிடக்கும் இத்தொழிலாளர்களால் ஒன்றுபட முடியும், ஒன்றுபட்டால் அமைச்சரும் முதலாளியும் காது கொடுத்தே ஆக வேண்டும். தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில்தான் அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்தார். உழைப்பவரைச் செங்கொடியின்கீழ் திரட்டும் கலைக்குழுவை வளர்த்தார். அந்தச் சந்துகளில் மராத்தியும் தமிழும் இந்தியும் பேசும் தொழிலாளர்கள் இன்றும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். உணவக வாசலில், கிடங்கின் வாசலில், பெட்ரோல் பங்கின் நிழலில் அவர்கள் கூடி நிற்கும் இடங்களே இன்றைய ஆலைவாயில்கள். நம் சங்கங்களின் துண்டறிக்கை அங்கே போய்ச் சேர வேண்டும்.

1884இல் ஆலைத் தொழிலாளர்கள் கேட்டது நண்பகலில் அரைமணி நேரம். அவர்கள் மனுவோடு நின்றுவிடவில்லை. சங்கம் கட்டினார்கள், வென்றார்கள். நூற்றிநாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில், அன்றைவிடக் கொடிய வெயிலில், அவர்களின் வாரிசுகளுக்கு அந்த அரைமணி நேரமும் இல்லை. அடுத்த கோடை வருமுன் அதை மீட்பது நம் பொறுப்பு.